கணினி கிராஷ் ஆகாத நாட்களை எப்படி நம்புவது?

செத்தே போன கணினியைச் சரிசெய்வது பெரிய வேலையில்லை. பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றவில்லை. ஒரு பாகத்தை மாற்றுகிறோம். சுற்றுகிறது, அல்லது சுற்றவில்லை. அரை நிமிடத்தில் பதில் தெரிந்துவிடும். ஆளைப் பாடாய்ப்படுத்துவது அரைகுறை உயிரோடு இருக்கும் கணினிதான். நாலைந்து நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். சரியாகிவிட்டது என்று நாம் நிம்மதியாகும் நேரம் பார்த்து, சேமிக்காத வேலையையும் சேர்த்துக்கொண்டு விழும்.

என் டெஸ்க்டாப் பல வாரங்கள் இந்த நிலையில்தான் இருந்தது. பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய இயந்திரம். சில ஆண்டுகள் எந்தப் புகாரும் இல்லாமல் உழைத்தது. ஒருநாள் கேம் லோடாகிக்கொண்டிருந்தபோது திரை கறுத்து, தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. சில நாள் கழித்து பிரவுசரில் எதையோ படித்துக்கொண்டிருக்கையில் நீலத்திரை. அப்புறம் இரண்டும் மாறி மாறி வரத் தொடங்கின. நண்பனிடம் சொன்னதும் அவன் யோசிக்கவே இல்லை: "விண்டோஸை அழிச்சிட்டுத் திரும்பப் போடுடா, சரியாயிடும்."

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். ஹார்டுவேர் பழுதாக இருக்கும்போது இதைவிடக் கெட்ட ஆலோசனை கிடையாது என்பது என் கருத்து. விண்டோஸின் ஒவ்வொரு கோப்பும் வட்டில் எழுதப்படும் முன்னால் ராம் எனும் தற்காலிக நினைவகம் வழியாகத்தான் போகிறது. ராம் பழுது என்றால், புதிதாகப் போடும் விண்டோஸும் பிறக்கும்போதே ஊனமாகப் பிறக்கும். அதன்பின் வரும் கிராஷ் பழைய பழுதால் வந்ததா, புதிய நிறுவலில் ஏற்பட்ட ஓட்டையால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. சாஃப்ட்வேரா ஹார்டுவேரா என்ற சந்தேகம் இருந்தால், பென்டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் பூட் செய்து, வட்டைத் தொடாமல் ஒருநாள் முழுக்க அதில் வேலை பார்க்கலாம். அங்கேயும் விழுந்தால் விண்டோஸைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விட்டுவிடலாம்.

விழுவதிலும் வகை உண்டு. எல்லாவற்றையும் 'கிராஷ்' என்ற ஒரே மூட்டையில் கட்டினால் பாதித் தடயம் அங்கேயே போய்விடும். கணினி அணைந்து அப்படியே கிடந்தால், ஒன்று வெப்பப் பாதுகாப்பு அல்லது எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) உள்பாதுகாப்பு மின்சாரத்தை வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். இதில் வெப்பம் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடும். இப்போதைய ப்ராசஸர்களில் பல, 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடு ஏறினால்தான் அணைத்துவிடச் சொல்லும். ஆகவே மந்தமாகாமல், விசிறி அலறாமல் திடீரென்று அணையும் கணினியில் நான் வெப்பத்தை முதலில் சந்தேகிப்பதில்லை.

அணைந்த நொடியிலேயே தானாக எழுந்துவிட்டால் மின்சார வழியைப் பார்க்க வேண்டும். மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அது மட்டும் உறைகிறது என்றால் வட்டைப் பார்க்க வேண்டும். வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 199 என்ற எண்ணுள்ள வரி ஏறிக்கொண்டே போனால் வட்டைத் தூக்கிப்போட வேண்டாம்; அது வட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் வழியே தரவு சிதைவதைக் காட்டும் கணக்கு. கேபிளை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். படம் உறைந்து ஒலி ஒரே துணுக்கில் சிக்கிக்கொண்டு கத்தினால் ப்ராசஸர், ராம், கிராஃபிக்ஸ் கார்டு, மதர்போர்டு என்று யார் வேண்டுமானாலும் இருக்கலாம். நீலத்திரை ஒன்றுதான் மரியாதையான சாவு. விண்டோஸ் ஏதோ தப்பு நடப்பதைக் கவனித்து, குறிப்பு எழுதிவிட்டுத் தானே நிறுத்தியிருக்கிறது.

அந்தக் குறிப்பைத் தேடி, விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவருக்குப் போகிறவர்கள் முதலில் மோதிக்கொள்வது 'கெர்னல்-பவர் 41' என்ற சிவப்பு வரியில். பெயரில் பவர் என்று இருப்பதால், எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அது காரணத்தைச் சொல்லும் வரியே இல்லை. 'போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை' என்று அடுத்த முறை எழும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். பவர் பட்டனை நீங்களே அழுத்திப்பிடித்து அணைத்தாலும் அதே 41 வரும். உபயோகமான சங்கதி அதன் உள்ளே, விவரப் பக்கத்தில் இருக்கும் பக்செக் எண். அது 0 என்றால் பெரும்பாலும் விண்டோஸுக்கு எழுத அவகாசமே கிடைக்கவில்லை. காலடியில் மின்சாரம் போய்விட்டது அல்லது யாரோ ரீசெட் செய்துவிட்டார்கள். 0 இல்லாத எண் வந்தால் அது நீலத்திரையின் குறியீடு, தசம எண்ணாக மாற்றப்பட்டது. 292 என்றால் ப்ராசஸரே வன்பொருள் பிழையைக் கண்டுபிடித்துப் புகார் கொடுத்திருக்கிறது. 26 என்றால் நினைவக நிர்வாகத்தில் கோளாறு.

இந்த எண்களையும் நேரத்தையும், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கணினிக் கோளாறைக் காகிதத்தில் எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். கோளாறுள்ள கணினியிலேயே எழுதிச் சேமிப்பது இன்னும் பெரிய வேடிக்கை. பக்கம் நிறைந்ததும், நான் ஒரே பிரச்சினை என்று நினைத்தது இரண்டாகப் பிரிந்து நின்றது. கறுத்து ரீஸ்டார்ட் ஆனவை எல்லாம் எண் 0. எல்லாமே சுமை சட்டென்று ஏறும் நேரத்தில் நடந்தவை: கேமின் லோடிங் திரை முடிந்து காட்சி தொடங்கும் கணம், வீடியோ ஏற்றுமதி ஆரம்பிக்கும் கணம். நீலத்திரைகளோ நேரம் காலம் பார்க்காமல் வந்தன. எண்கள் 26, 80, 10 என்று ஒவ்வொரு முறையும் வேறு. குற்றம்சாட்டப்பட்ட டிரைவரும் (வன்பொருளை இயக்கும் சிறு நிரல்) வேறு: ஒருமுறை ஒலி, ஒருமுறை நெட்வொர்க், ஒருமுறை கோப்பு முறைமை.

ஒரே டிரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரைப் பிடிக்கலாம். ஆள் மாறிக்கொண்டே இருந்தால், வழுக்கும் தரையில் யார் யார் நடந்தார்கள் என்ற பட்டியலைத்தான் விண்டோஸ் நம்மிடம் கொடுக்கிறது; தரையைப் பற்றி அது வாய் திறக்காது. எனக்கு வேறொரு தடயமும் இருந்தது. பெரிய ஜிப் கோப்பு ஒன்றை விரிக்கும்போது சிஆர்சி பிழை, அதாவது தரவு சரிபார்ப்புக் கணக்கு பொருந்தவில்லை என்றது. அதே கோப்பை உடனே மறுபடி விரித்தால் ஒழுங்காக வந்தது. வட்டில் கோப்பு கெட்டிருந்தால் இரண்டு முறையும் பிழை வந்திருக்கும். படிக்கும்போது ஒருதரம் மட்டும் தப்பாகிறது என்றால், வட்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் எங்கோ ஒரு பிட் (0 அல்லது 1) புரள்கிறது.

ராம்மீது சந்தேகம் வந்த அந்த நொடியிலிருந்து அந்தக் கணினியில் எதையும் பேக்கப் எடுக்கக் கூடாது. இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கணினி ஆட்டம் காண்கிறது, அவசரமாக எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுப்போம் என்று. நகலெடுக்கப்படும் ஒவ்வொரு பைட்டும் அந்தப் பழுதான ராம் வழியாகத்தான் போகிறது. நல்ல மூலத்திலிருந்து கெட்ட நகல் உருவாகி, போன மாதத்து நல்ல நகலின்மேல் உட்கார்ந்துகொள்ளும். வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி நகலெடுப்பதுதான் சரி. டீஃபிராக் போன்ற, கோப்புகளை இடம் மாற்றும் வேலைகளையும் நிறுத்திவிட வேண்டும்.

ராமைச் சோதிக்க நான் எடுத்தது மெம்டெஸ்ட்86 பிளஸ். 1994இல் வந்த மெம்டெஸ்ட்86இலிருந்து 2004இல் பிரிந்த கிளை. நடுவில் பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்தது, 2022இல் புதிதாக எழுதப்பட்டு யூஇஎஃப்ஐ எனும் புதுவகைத் தொடக்க மென்பொருள் உள்ள இப்போதைய கணினிகளிலும் ஓடுகிறது. விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெமரி சோதனை இருக்கிறதே என்பீர்கள். அது பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்றால் நான் நம்புவதில்லை. மெம்டெஸ்ட்டிலும் ஒரு சுற்று முடிந்ததும் 'பாஸ்' என்று பெரிய எழுத்தில் வருவதைப் பார்த்து எழுந்துவிடக் கூடாது. என் விஷயத்தில் முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. விடிய விடிய ஓடவிட்டபோதுதான் சிவப்பு வரிகள் வந்திருந்தன. எல்லாமே ஏறக்குறைய ஒரே முகவரியில், ஒரே ஒரு பிட்டில்.

ஏன் முதல் சுற்றில் வராமல் பின்னால் வந்தது? ராமில் இருக்கும் டிராம் வகை நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னேற்றம். அது சும்மா இருந்தாலே கசிந்துகொண்டிருக்கும். அதனால் சாதாரண வெப்பநிலையில் ஒவ்வொரு செல்லும் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது விதி. சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். 85 டிகிரிக்கு மேல் போனால் 32 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது அதே விதி. ஒரு 16 ஜிபி ராம் ஸ்டிக்கில் (மதர்போர்டில் செருகும் பட்டை) சுமார் 13,700 கோடி பிட்டுகள். அதில் ஒரே ஒரு செல் பலவீனமாகி, அடுத்த புதுப்பிப்பு வருவதற்குள் காலியாகிவிட்டால் போதும். குளிர்ந்த கணினியில் அது தாக்குப்பிடிக்கும், ஒரு மணிநேரம் ஓடிய கணினியில் பிடிக்காது. அந்த செல்லில் அப்போது யாருடைய தரவு இருக்கிறதோ அவர் பெயரில் நீலத்திரை வரும். யாரும் பயன்படுத்தாத நேரமானால் ஒன்றுமே நடக்காது. மாறி மாறி வந்த பெயர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிழை தெரிந்துவிட்டது என்றால் ஸ்டிக் கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. மூன்று கேள்விகளைத் தாண்ட வேண்டும். முதலாவது எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் இயல்பைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு. டிடிஆர்4 வகை ராமில் விதிப்படியான மின்னழுத்தம் 1.2 வோல்ட், வேகமும் அதற்கேற்ப. பெட்டிமேல் 3600 என்று போட்டிருக்கும் ராமின் இயல்பான வேகம் பெரும்பாலும் 2133 முதல் 2666க்குள்தான் இருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) எக்ஸ்எம்பியை ஆன் செய்தால் 1.35 வோல்ட் கொடுத்து ஓட்டி அந்த 3600ஐ எட்டுகிறது. பளபளப்பான பெயர் வைத்தாலும் அது ஓவர்கிளாக்கிங்தான், விதித்த வேகத்தை மீறி ஓட்டுவதுதான். பாதிக் கணினிகளின் 'ராம் பழுது' எக்ஸ்எம்பியை அணைத்ததும் மறைந்துவிடும் என்று அடித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை, ஆனால் நான் கைவைத்த கணினிகளில் அப்படி மறைந்தவை உண்டு. என்னுடையதில் பிழைகள் குறைந்தன, மறையவில்லை. இரண்டாவது கேள்வி ஸ்லாட் (ஸ்டிக்கைச் செருகும் இடம்): இதே ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டில் போட்டால் பிழை கூடவே வருகிறதா, பழைய ஸ்லாட்டிலேயே தங்குகிறதா? மூன்றாவது, நல்ல ஸ்டிக்கைச் சந்தேகப்பட்ட ஸ்லாட்டில் போட்டால் என்ன ஆகிறது? ஸ்லாட்டோடு பிழை தங்கினால் மதர்போர்டையும், ப்ராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின் ஏதாவது இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டிவரும். என் பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தது.

கெட்ட ஸ்டிக்கைக் கழற்றி மேசையில் வைத்தேன். நீலத்திரை வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. இந்த இடத்தில்தான் மனசு நம்மை ஏமாற்றப் பார்க்கும்.

ஒரு கணினி சராசரியாக மூன்று நாளைக்கு ஒருமுறை விழுகிறது, விழும் நேரத்தில் எந்த ஒழுங்கும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எதையுமே சரிசெய்யாமல், தூசியை மட்டும் ஊதிவிட்டு மூடினாலும், அடுத்த மூன்று நாள் அது விழாமல் இருக்க 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது மூன்று பேர் தூசி தட்டினால் ஒருவர் 'தூசிதான் காரணம்' என்று ஊருக்குச் சொல்லுவார். ஆறு நாளில் அந்த வாய்ப்பு 14 சதவீதத்துக்கும், ஒன்பது நாளில் 5 சதவீதத்துக்கும் இறங்கும். எனவே சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு நாள் அமைதியாகக் கடந்தால்தான் நான் ஒரு மாற்றத்தை நம்புவேன். அதுவும் அந்த நாட்களில் முன்பு செய்த அதே வேலைகளை, அதே அளவு செய்திருந்தால்தான். கணினி விழுமோ என்று பயந்து கேமைத் தொடாமல் மின்னஞ்சல் மட்டும் பார்த்துக் கடத்திய வாரம் கணக்கில் சேராது.

இணையத்தில் இந்தக் கோளாறுகளுக்குக் கிடைக்கும் தீர்வுகளில் பெரும்பகுதி இந்த 37 சதவீதத்தில் பிறந்தவை என்று நினைக்கிறேன். டிரைவரை மாற்றினேன், சரியானது. ராமின் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன், சரியானது. பயாஸை அப்டேட் செய்தேன், சரியானது. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. சரியான மறுநாளே எழுதிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், ஒருமுறை விழுந்ததை 'ஏதோ ஆச்சு, விடு' என்று தள்ளுவதும் சரியில்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011இல் சுமார் 10 லட்சம் சாதாரண நுகர்வோர் கணினிகளின் கிராஷ் பதிவுகளை அலசி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வன்பொருள் பழுதால் ஒருமுறை விழுந்த கணினி மறுபடி விழுவதற்கான வாய்ப்பு, விழாத கணினி விழுவதைவிட நூறு மடங்குவரை அதிகம் என்பது அவர்கள் கண்டது. கொஞ்சமாக ஓவர்கிளாக் செய்தாலே நம்பகத்தன்மை கணிசமாகக் குறைகிறது என்றும் சொன்னார்கள். நினைவகம் பற்றி அதற்கு முன்பே, 2009இல், கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்தபோது ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ராம் ஸ்டிக்குகளில் பிழை வந்திருந்தது. அந்த சர்வர்களில் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் இசிசி வகை ராம் இருந்ததால் பிழைகள் எண்ணப்பட்டன, பெரும்பாலும் திருத்தவும்பட்டன. நம் மேசையிலிருக்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இல்லை. பிட் புரண்டால் புரண்டதுதான், நமக்குத் தெரியவே தெரியாது.

என் கணினிக்கு வருகிறேன். ஸ்டிக்கைக் கழற்றிவிட்டுக் காத்திருந்த நாட்களிலேயே கறுப்பு ரீஸ்டார்ட் ஒன்று வந்தது. நோட்டில் இரண்டு பட்டியல்கள் இல்லாமல் இருந்திருந்தால், 'ராமைக் கழற்றியும் விழுகிறது, ஆகவே ராம் காரணமில்லை' என்ற முடிவு வந்து, கெட்ட ஸ்டிக் மறுபடி உள்ளே போயிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்ற வேண்டும் என்ற பாடம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாடம் ஒரு நேரத்தில் ஒரு பழுதுதான் இருக்கும் என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. இரண்டு பழுது இருந்தால் கழித்துக் கழித்துத் தேடும் முறை நிரபராதி, குற்றவாளி எல்லோரையும் சேர்த்து விடுதலை செய்துவிடும்.

கறுப்புப் பட்டியலுக்குச் செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தேன். நீட்டிப்பு வயரை விட்டு நேரே சுவர் சாக்கெட்டில் செருகிப் பார்ப்பது ஒன்று. மதர்போர்டிலிருந்து முன்பக்க ரீசெட் பட்டனின் வயரைப் பிடுங்கி வைப்பது இன்னொன்று. இதை அதிகம் பேர் சொல்வதில்லை. ரீசெட் பட்டன் இரண்டு கம்பிகளைத் தொடவைக்கும் சாதாரண ஸ்விட்ச். உள்ளே அது சிக்கிக்கொண்டாலோ கம்பியின் உறை உரிந்து எங்காவது தொட்டாலோ, கணினி அதை ரீசெட் என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஈவென்ட் வியூவரில் அதே 41, அதே 0. கழற்றி வைப்பதால் இழப்பு ஒன்றுமில்லை. எனக்கு இரண்டிலும் பலனில்லை.

மிச்சம் எஸ்எம்பிஎஸ். மல்டிமீட்டரை 12 வோல்ட் கம்பியில் வைத்தால் 12.1 காட்டியது. என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பொருந்தும் ஏடிஎக்ஸ் விதி (டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான பொதுத்தரம்) 5 சதவீதம் கூடக் குறைய அனுமதிக்கிறது, அதாவது 11.4 முதல் 12.6 வரை. மீட்டரைக் கேட்டால் எஸ்எம்பிஎஸ் நிரபராதி. ஆனால் மீட்டர் காட்டுவது ஒரு சராசரி. ஒரு மில்லிநொடிச் சரிவு அதன் கண்ணில் படவே படாது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சாம்பல் நிறக் கம்பி ஒன்று மதர்போர்டுக்குப் போகும் (இப்போது பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லாக் கம்பிகளும் கறுப்பு). 'மின்சாரம் ஒழுங்காக இருக்கிறது' என்ற சமிக்ஞை அதில் தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும். உள்ளே ஏதாவது நிலைகுலைந்து அந்தச் சமிக்ஞை விழுந்தால், மதர்போர்டு யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். விண்டோஸுக்குக் குறிப்பெழுத நேரமில்லாமல் போவது இதனால்தான்.

புதிதில் தாங்கிய எஸ்எம்பிஎஸ் சில ஆண்டுகள் கழித்து ஏன் தாங்குவதில்லை? அதிலிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் சூட்டில் மெல்ல மெல்ல உலர்கின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. உலர உலர, திடீர்த் தேவையைத் தாங்கும் சக்தி குறையும். கிராஃபிக்ஸ் கார்டுகளோ அந்தத் திடீர்த் தேவையை ஏற்றிக்கொண்டே போகின்றன. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில், எஸ்எம்பிஎஸ் தன் அறிவிக்கப்பட்ட வாட் அளவைப் போல இரண்டு மடங்குவரை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று எழுதும் அளவுக்குப் போயிருக்கிறது நிலைமை.

இதனால் ஒரு வினோதமும் நடக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் போன்ற சோதனையை அரைமணி நேரம் ஓட்டினால் கிராஃபிக்ஸ் கார்டு கொதிக்கும், ஆனால் கணினி விழாது. சுமை ஒரே சீராக இருக்கிறது. கேமின் மெனு திரையில் விழும். அங்கே சுமை ஏறி இறங்குகிறது. என் கணினி அப்படித்தான் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டுக் கேமில் தோற்றது. ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தேறியதை வைத்து எஸ்எம்பிஎஸ்ஸை விடுவிக்காதீர்கள். ப்ராசஸருக்கு மட்டும் அந்தச் சோதனைகளில் ஒன்றை நான் மனதார நம்புவேன்: பிரைம்95. மிகப் பெரிய மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட நிரல் அது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் செய்யவைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அதில் இருப்பதால், கணினி விழாவிட்டாலும் கணக்கு தப்பினால் சொல்லிவிடும்.

ப்ராசஸர் கெடுவது அபூர்வம், கடைசியில் பார்த்தால் போதும் என்பது நெடுநாளைய வழக்கு. நானும் கடைசியில்தான் பார்ப்பேன். ஆனால் 2024இல் அந்த வழக்கம் பலரைக் காலை வாரியது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் சில, தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தால் நாளடைவில் சேதமாகி நிலைகுலைந்தன. பாதிக்கப்பட்ட கணினிகளில் சில கேம்கள் தொடங்கும்போது 'கிராஃபிக்ஸ் மெமரி போதவில்லை' என்ற செய்தி வந்தது. அதைப் படிப்பவர் கிராஃபிக்ஸ் கார்டைத்தானே மாற்றுவார்? இன்டெல் ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே சேதமானதை அந்தத் திருத்தம் மீட்காது; அந்த ப்ராசஸர்களை மாற்றத்தான் வேண்டும்.

என் கதையில் ப்ராசஸர்வரை போக வேண்டியிருக்கவில்லை. நண்பனின் எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டினேன். விண்டோஸை அழிக்கச் சொன்ன அதே நண்பன்தான். "அப்ப விண்டோஸ் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டேதான் கழற்றிக் கொடுத்தான். கேபிள்களையும் அவனிடமே கேட்டு வாங்கினேன், ஏனென்றால் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்களில் ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகக் கூடாது. செருகும் இடம் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் வட்டுகள் அந்த நொடியே சாம்பல். பழையதைத் திறந்து மின்தேக்கி உப்பியிருக்கிறதா என்று பார்க்கும் ஆசையும் வேண்டாம். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். எஸ்எம்பிஎஸ் திறந்து பார்க்கும் பொருளல்ல.

இம்முறை காத்திருப்பு எளிதாக இருந்தது. எந்தக் கணத்தில் விழும் என்று தெரிந்திருந்ததால், அந்தக் கணத்தை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப வரவழைக்க முடிந்தது. கேமைத் தொடங்கு, காட்சி வரட்டும், மூடு, மறுபடி தொடங்கு. இடைவெளி சுருங்கினால் நம்புவதற்கான நாட்களும் சுருங்கும். விழவில்லை. பழையதை மறுபடி மாட்டினேன். விழுந்தது. இந்தக் கடைசிப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். சரியான பிறகு யாருக்குத்தான் மறுபடி கெடுத்துப் பார்க்க மனம் வரும்? ஆனால் பாகத்தைக் கழற்றி மாட்டும்போது தளர்ந்த இணைப்பு ஒன்று தற்செயலாக இறுகியிருக்கலாம். பழைய பாகத்தோடு பழுதும் திரும்பி வந்தால்தான் பழுது அந்தப் பாகத்தில் இருக்கிறது.

ராமுக்கு உத்தரவாதம் மிச்சமிருந்தது. அனுப்பினேன். 'சோதித்தோம், குறையில்லை' என்று ஒரு வரியோடு திரும்பி வந்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருப்பார்கள், என் கணினியிலும் முதல் சுற்று சுத்தம்தானே. இரண்டாம் முறை மெம்டெஸ்ட் திரையின் புகைப்படங்களையும் சேர்த்தேன்: எந்தச் சுற்றில் வந்தது, எந்த முகவரி, எக்ஸ்எம்பி இல்லாமலும் வருகிறது, எந்த ஸ்லாட்டிலும் வருகிறது. ஜோடியாக வாங்கியது என்பதால் நல்ல ஸ்டிக்கையும் கூடவே அனுப்பச் சொன்னார்கள். இம்முறை பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். எஸ்எம்பிஎஸ் உத்தரவாதத்தைத் தாண்டியிருந்தது. புதிது வாங்க வேண்டியதாயிற்று. கெட்ட எஸ்எம்பிஎஸ்தான் ராமையும் கெடுத்ததா என்று கேட்பவர்கள் உண்டு. அதை நிரூபிக்கும் வழி என்னிடம் இல்லை, அதனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் மெனக்கெடவில்லை.

கணினி விழுவது நின்றது. கோப்புகளின் கணக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. நீலத்திரை தொடங்குவதற்கு எவ்வளவு நாள் முன்பிருந்தே அந்த ஒரு பிட் புரண்டுகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்தக் காலத்தில் நகலெடுத்த, திருத்திச் சேமித்த எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ஜேபெக் படத்தில் ஒரு பிட் தப்பினால் அதற்குப் பின்னால் வரும் தரவை விரிக்கும் கணக்கே குலைந்துவிடும். மேல்பாதி நன்றாகவும் கீழ்பாதி நிறம் மாறியும் சில படங்கள் எனக்குக் கிடைத்தன. உரைக்கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தால் கண்ணில் பட்டால் உண்டு. பழைய பேக்கப்பில் இருப்பதையும் இப்போதைய வட்டில் இருப்பதையும் ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட்டேன். கோப்பின் தேதி மாறாமல் ஹாஷ் மட்டும் மாறியிருந்தால் அது கெட்டுப்போன கோப்பு, பழையதை எடுத்துக்கொள்ளலாம். தேதியும் மாறியிருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. பேக்கப் மென்பொருளில் பழைய பதிப்புகளை ஒரு மாதம் வைத்திருக்கும்படி இருந்த அமைப்பை ஓர் ஆண்டாக மாற்றிவிட்டேன். வட்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கிறது, பிடிக்கட்டும்.